கொசுறுக் குருவி

2018 புரட்டாசியில் எங்கள் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. அதற்கு முன் அந்தப் பெயரை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016-இல் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, 2018 மே மாதம் கர்நாடகத்தில் இந்தியாவிலேயே முதன்முறையாகத் தென்பட்டு, அந்த மழைக்காலத்துக்குள் பெரம்பலூர், அரியலூர்க் கரிசலெல்லாம் பரவிவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்ட விவரம். அன்றைக்குக் கண்ணில் பட்டது, ஓட்டை ஓட்டையாகக் கிழிந்த இலையும் குருத்து நிறைய ஈரக் கழிவும்தான். பகலில் புழு குருத்துக்குள் இறங்கிக்கொள்ளும். மருந்து அங்கே எளிதில் எட்டாது. மணலில் சுண்ணாம்பைக் கலந்து ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போட்டால் சாகும் என்று யாரோ சொல்ல, அப்பாவும் அம்மாவும் விடிந்ததிலிருந்து குனிந்தபடியே பாத்தி பாத்தியாகப் போனார்கள்.

எங்கள் காடு பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில், மானாவாரிக் கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும்தான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2017-இல் எங்கள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த சிலர் அந்த விஷத்தைச் சுவாசித்து இறந்துபோனார்கள். அதனால் 2018-இல் அப்பா முதுகில் தெளிப்பானை மாட்டும்போதெல்லாம் அம்மாவுக்குப் பயிர் போகிற பயம் ஒரு பக்கம், ஆள் போகிற பயம் இன்னொரு பக்கம். வாயில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, அவர் திரும்பி வரும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருப்பாள். அதே ஆண்டு ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு, முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்து தண்ணீர் கடலுக்குப் போனது. அம்மா பிறந்த ஊர் திருமானூர்ப் பக்கம். அங்கிருந்து மாமா போனில் வெள்ளத்தைச் சொன்னார், பிறகு இங்கிருந்து அப்பா புழுவைச் சொன்னார்.

நான் அப்போது அரியலூரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போனால் ராத்திரி செபமாலை முடிந்ததும் அம்மா நற்செய்தியிலிருந்து ஒரு பகுதி வாசிப்பாள். ஒரு நாள் மத்தேயு 6-ஆம் அதிகாரம் எடுத்தாள். விதைக்காமல் அறுக்காமல் வாழும் வானத்துப் பறவைகளையும், நூல் நூற்காத வயல்வெளிப் பூக்களையும் மலைப்பொழிவில் இயேசு காட்டுகிற இடம். அவள் வாசித்து முடிக்கும்வரை அப்பா பேசவில்லை. பிறகு சொன்னார்:

“குருவி எந்த பேங்க்ல நகைய வெச்சிருக்குது? அதுக்கு யாருக்காச்சும் வட்டி கட்டணுமா?”

அம்மா புத்தகத்தை மூடிவிட்டாள். அப்பா கடவுளை மறுக்கிறவர் இல்லை. ஞாயிறு பூசைக்கு அவர் போகாத வாரத்தை நான் பார்த்ததில்லை. ராத்திரியெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர் கேட்ட கேள்வி அது. அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கவலைப்படாதே என்பதை நாங்கள் கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாசலில் கடன் கொடுத்தவர் நிற்கிற வீட்டில் அந்தச் சொல் கட்டளையாக வந்து விழுந்தால், இருக்கிற கவலையோடு கவலைப்படுகிற குற்றமும் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சொல்ல இயேசு அந்த மலையில் ஏறியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கலிலேயாவின் உழவர்களும் மீனவர்களும் அன்றாடக் கூலிகளும். உரோமைக்கும் ஏரோதுக்கும் வரி கட்டி நொந்தவர்கள். கடன் என்றால் என்னவென்று எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த அளவு அவர்களுக்கும் தெரியும். அவர்களிடம்தான் பறவைகளைப் பாருங்கள் என்றார். அப்படியென்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தை மாதம் கதிர் ஒடித்தோம். பாதிகூடத் தேறவில்லை. அறுப்பு முடிந்ததும் ஏலாக்குறிச்சி போவது எங்கள் வீட்டு வழக்கம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் போவோம். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர். அந்தச் சாலையில் சிமென்ட் ஆலை லாரிகளின் தூசி அடங்கவே அடங்காது. அதைத் தாண்டி வண்டி தெற்கே இறங்க இறங்க மண்ணின் நிறம் மாறும், கொள்ளிடத்துப் பச்சை தொடங்கும். காய்ந்த கரிசலிலிருந்து வருகிற கண்ணுக்கு அந்த நெல்வயலே முதல் செபம்.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயில் இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்து பணி செய்த ஊர். அவர் வைத்த பெயர் திருக்காவலூர். இந்த மாதாவின் மேல்தான் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். சூசையப்பரைத் தலைவராக வைத்து அவர் எழுதிய தேம்பாவணி 3615 பாடல்கள் கொண்ட காப்பியம், 1726-இல் முடிந்தது. எனக்கு அதில் மிகப் பிடித்தது, யூதேயாவை அவர் வருணிக்கிற விதம். மலையில் மழை பொழிந்து, ஆறாகப் பெருகி, வயலில் நெல்லும் குளத்தில் தாமரையுமாக நிற்கிற யூதேயா அது. இத்தாலியில் 1680-இல் பிறந்த மனிதர், பாலஸ்தீனத்தில் நடந்த கதையைச் சொல்ல, தமிழ்நாட்டு நீரையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டார். நம் ஊர் மண்ணில் ஆண்டவர் நடக்கலாம் என்பதை எங்களுக்கு முன்னால் நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையில்தான் அன்று நான் அப்பாவிடம், “அப்பா, கரைவெட்டி போயிட்டுப் போவோமா? பறவை வந்திருக்குதாம்” என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மாமா வண்டியை எடுத்தார்.

கரைவெட்டி திருமானூர் ஒன்றியத்தில் இருக்கிற ஏரி, சுமார் 454 ஹெக்டேர். மேட்டூரில் திறக்கிற காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து இதை நிறைக்கிறது. சுற்று ஊர்களுக்குப் பாசனம் இதுதான். பறவைகள் சரணாலயமாகவும் இருக்கிறது. 2024 சனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நாங்கள் போன அன்று அந்தப் பெருமையெல்லாம் இன்னும் வரவில்லை. கரையில் ஆள் நடமாட்டமும் குறைவு. ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் அடைந்திருந்தன. நடுவில் நாமக்கோழிகளும் ஊசிவால் வாத்துகளும் மிதந்தன. தூரத்தில், தண்ணீர் வற்றிப் புல் முளைத்த ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் மேய்ந்தது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. வரித்தலை வாத்துகள்.

அங்கே காவலுக்கு இருந்த அண்ணன் ஒருவர், அவை இமயமலையைத் தாண்டி வருகின்றன என்று சொன்னார். அப்பா நம்பவில்லை. நான் படித்ததைச் சொன்னேன். மங்கோலியாவிலும் திபெத்திலும் உள்ள உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் கிளம்புகின்றன. 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். கழுகைப் போலச் சிறகை விரித்துக் காற்றில் மிதக்கிற பழக்கம் இவற்றுக்குக் கிடையாது. வழி நெடுகச் சிறகடித்தே தீர வேண்டும். ஒரே உயரத்தில் பறப்பதுமில்லை, மலை ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்குகின்றன. உச்சியில் காற்று மெலிந்துபோகும். அந்த மெலிந்த காற்றிலிருந்தும் உயிர்வாயுவைப் பற்றிக்கொள்கிற இரத்தம் அவற்றுக்கு வாய்த்திருக்கிறது.

அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்ளோ தூரம் சிறகடிச்சு வர்றதுன்னா… சும்மா கெடைக்கலையே பாப்பா இதுக்குச் சோறு” என்றார்.

அதுவரை அந்த மத்தேயு பகுதியைச் சோம்பலான அமைதிப் படமாகத்தான் நான் மனத்தில் வைத்திருந்தேன். பறவை கிளையில் உட்கார்ந்திருக்கும், இரை வரும். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றால் அந்தப் படம் நிற்காது. நத்தைகுத்தி நாரை ஓயாமல் சேற்றைக் கிளறுகிறது. மீன்கொத்தி விழுகிறது, வெறும் வாயோடு எழுகிறது, மறுபடி விழுகிறது. பறவை விதைப்பதில்லை என்று சொன்ன இயேசு, பறவை உழைப்பதில்லை என்று சொல்லவில்லை. அது நாளைக்கான இரையை இன்றைக்கு மனத்தில் தூக்கிச் சுமக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. இமயமலையைக் கடக்கிற வாத்துக்கும் ஒரு நேரத்தில் ஒரு சிறகடிப்புதான்.

இதை அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கரையோரக் கருவேல மரத்தடியில் நின்றுவிட்டார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. கொக்குக் குஞ்சாக இருக்கலாம். இறகு முளைக்காத சிறகு, எறும்பு மொய்த்த கண். “இதுக்கும் அவர்தான சோறு போட்டாரு?” என்றார் அப்பா. குரலில் கோபம்கூட இல்லை.

எனக்குப் பதில் இல்லை. பதில் சொன்னது அம்மா. தன் ஊர்க் கோயிலில், சிறுவயதில், ஒரு வயதான சாமியார் பிரசங்கத்தில் கேட்டதாம். வருடக்கணக்காக அவளுக்குள் இருந்தது அங்கே, அந்தக் குஞ்சுக்குப் பக்கத்தில் வெளியே வந்தது.

“ஏங்க, ஏசு இருந்த ஊர்ல குருவிய சந்தையில விப்பாங்க. ஒரு காசுக்கு ரெண்டு குருவின்னு மத்தேயு எழுதுறாரு. லூக்கா, ரெண்டு காசுக்கு அஞ்சுங்கறாரு. கணக்குப்படி நாலுதான வரணும்? அஞ்சாவது கொசுறு. கத்திரிக்கா வாங்கினா கருவேப்பில போடுறாப்புல. அந்தக் கொசுறுக் குருவியக்கூடக் கடவுள் மறக்கலேன்னுதான் ஏசு சொல்றாரு. கீழ விழாதுன்னு எங்கயும் சொல்லலியே. விழுறப்பவும் அவரு கூட இருக்காருங்கறாரு.”

அப்பா குனிந்து, கையால் மண்ணை அள்ளி அந்தக் குஞ்சின் மேல் போட்டார்.

எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன், தியானங்களுக்குப் போயிருக்கிறேன். அம்மா சொன்ன அந்த நாலு வரிக்கு நிகராக ஒன்றும் எனக்குள் தங்கவில்லை. இயற்கையிலிருந்து ஆறுதல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் விடியலையும் வானவில்லையும் எடுத்துக்கொண்டு செத்த குஞ்சை விட்டுவிடுகிறார்கள். இயேசு விடவில்லை. பறவைக்கு உணவூட்டும் தந்தையைப் பற்றிச் சொன்ன அதே வாயால், தரையில் விழுகிற குருவியைப் பற்றியும் சொன்னார். ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டு என்றும் ஒப்புக்கொண்டார். படைப்புழு வராது என்ற வாக்குறுதி அந்த மலைப்பொழிவில் இல்லை. எண்ணப்படாமல், மறக்கப்பட்டு, கொசுறாகப் போய்விட்டோம் என்ற பயம்தான் ராத்திரித் தூக்கத்தைத் தின்கிறது. அந்தப் பயத்துக்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

பூக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தி வாழ்க்கைப்பட்டது ஜெயங்கொண்டம் பக்கம். அங்கே கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள், நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. வேலியில் தானாகப் படர்கிற கொடியை, விதைக்காகக் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கிற கொல்சிசின் வாத நோய்க்கு மருந்தாகிறது. கிழங்கோ உயிரைக் குடிக்கிற விஷம். விதை விலை ஒரு வருடம் ஏறும், மறு வருடம் கிடுகிடுவென்று இறங்கும். அதனால் அந்த வீட்டிலும் கவலைக்குப் பஞ்சமில்லை.

ஒரு மார்கழிக் காலையில் சித்தியோடு பந்தலுக்குள் போனேன். அவள் பூ பூவாக நின்று, ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் சூலகத்தண்டில் தொட்டுத் தொட்டு வைத்தாள். இந்தப் பூவின் சூலகத்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி நீண்டிருக்கும். மகரந்தப் பைகளிலிருந்து தள்ளி நிற்பதால் தன் தூள் தன்மேல் விழுவது அரிது. தேனீயும் பட்டாம்பூச்சியும் வந்தது போதாமல் போனால் காய் பிடிக்காது. ஆகவே மனிதக் கை. தலைக்கு மேலே தொங்குகிற பூவையெல்லாம் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து விட்டுப்போகும் என்றாள் சித்தி. உழைக்காத பூ என்று நாம் வாசிக்கிறோம், அந்தப் பூவுக்காக ஒரு பெண் இருட்டு பிரியும் முன் எழுந்து உழைக்கிறாள். பருத்திக்காட்டில் பிறந்தவளாகையால் எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஊரில் துணிக்குப் பின்னால் எத்தனை பெண்களின் விரல் இருக்கிறதென்று தெரியும்.

பூ உழைப்பதில்லை என்பது சரியா என்று சித்தியிடமே கேட்டேன். அவள் ஒரு பூவைத் திருப்பிக் காட்டினாள். அடியில் மஞ்சள், ஓரத்தில் நெளிநெளியாகச் சிவப்பு. முந்தாநாள் அது முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக இருந்ததாம்.

“காய் பிடிக்க வைக்கறது என் கை. இந்தச் செவப்பு என் கை இல்லடி.”

சாலமோனின் உடையைப் பூவோடு இயேசு ஒப்பிட்டுச் சொன்ன இடம் அதன்பிறகு எனக்கு வேறு மாதிரி படுகிறது. என் உழைப்புக்கு உட்பட்டது கொஞ்சம் இருக்கிறது, அதை நான்தான் செய்தாக வேண்டும். அதற்கு அப்பால் நான் தொடாமலே நடந்துகொண்டிருப்பது ஏராளம் இருக்கிறது. கவலை இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் ஏற்றுகிறது.

அடுத்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளோடு சாத்தனூர் போனேன். ஆலத்தூர் வட்டத்தில், வறண்ட ஓடையோரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கிறது ஒரு மரம். சுமார் 12 கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னார். பக்கத்தில் காரையில், புல்கூட ஒழுங்காக முளைக்காத செம்மேட்டு வெடிப்புகளில் கடல்வாழ் உயிர்களின் எச்சம் கிடைக்கிறது. இந்தப் பெரம்பலூர், அரியலூரின் பல பகுதிகள் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தன. லாரி லாரியாகப் போகிற அந்தச் சிமென்ட் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான்.

பிள்ளைகள் மரத்தைத் தடவிப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, எனக்கு யோபு நினைவு வந்தது. பிள்ளைகளையும் மாடு கன்றையும் இழந்து, சாம்பலில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டவர். கடவுள் அவருக்கு ஏன் என்பதற்கு விளக்கம் தரவில்லை. மண்ணுலகின் அடித்தளத்தையும், கடலுக்குப் போட்ட எல்லையையும், பசித்த காக்கைக் குஞ்சுகளையும், காட்டு ஆடு குட்டி ஈனும் வேளையையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறார். இளவயதில் அது எனக்குப் பதிலாகவே படவில்லை. கல்மரத்தின் பக்கத்தில் நின்றபோது ஓரளவு புரிந்தது. எல்லாவற்றையும் இழந்த ஒருவனுக்கு நேரம் ஒதுக்கி, கூட்டிக்கொண்டுபோய்த் தன் உலகத்தைச் சுற்றிக் காட்டுகிற கடவுள் அவனைச் சின்னவனாக நினைத்திருக்க முடியாது. ஒரு கடல் வந்து போன தரையில்தான் எங்கள் காடு இருக்கிறது. அந்தக் கடலைக் கணக்கில் வைத்திருப்பவரிடம் எங்கள் வீட்டு வட்டிக் கணக்கும் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது.

அரசு, படைப்புழு விழுந்த மக்காச்சோளத்துக்கு 2019-இல் நிவாரணம் அறிவித்தது. அடகு வைத்த நகை உடனே மீளவில்லை, மெல்லத்தான் மீண்டது. புழு ஊரைவிட்டுப் போகவுமில்லை. ஒவ்வொரு பட்டத்திலும் கொஞ்சமாவது விழுகிறது. அப்பா இப்போது வேளாண் அலுவலர் சொல்கிறபடி கோடையிலேயே ஆழ உழுது, கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்குப் போடுகிறார். ஓரத்தில் தட்டைப்பயறும் எள்ளும் விதைக்கிறார். இனக்கவர்ச்சிப் பொறி தொங்குகிறது. இவற்றோடு, குறுக்குக் கட்டை வைத்த கம்புகளைக் காட்டில் அங்கங்கே நட்டிருக்கிறார். பறவைத் தாங்கி என்று பெயர். கரிச்சான்கள் அதில் வந்து உட்கார்ந்து, புழுவைக் கண்டால் இறங்கிக் கொத்திக்கொண்டு திரும்ப ஏறிக்கொள்கின்றன. வானத்துப் பறவைக்குப் பரமதந்தை சோறு போடுகிற இடங்களில் எங்கள் காடும் ஒன்றாகிவிட்டது என்று அம்மாவுக்குப் பெருமை.

அப்பா கவலையே படாத மனிதராக மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். மழை தள்ளிப்போனால் இன்னும் முகம் சுருங்குகிறது. விதைக்கும் உரத்துக்கும் இந்த வருடமும் கடன் வாங்கியிருக்கிறார். வட்டி கட்ட வேண்டிய தேதிகளை மாதா படத்துக்குக் கீழே தொங்குகிற நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது அதைப் பார்த்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அன்னிக்கு உள்ளத அன்னிக்குப் பாத்துக்கலாம் பாப்பா” என்றார், களைக்கொட்டைத் தேடிக்கொண்டே. “இன்னிக்கு மேலக்காட்டுல களையெடுக்கணும். நீயும் வா, ஆளு கம்மியா இருக்குது.”